மூட்டைக்குக் காவல் யார்?



ஆண்டு மலருக்கு 'சுற்றுலாவின் பயன்கள்' என்று ஏதாவது எழுதித் தா என்றுதான் எங்கள் வகுப்புப் பிரதிநிதி கேட்டார். பயன்களையெல்லாம் நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதி மார்க் வாங்கிவிட்டோம். மனம் விரியும், அறிவு வளரும், குடும்ப ஒற்றுமை ஓங்கும். இருக்கட்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சுற்றுலா என்றால் குற்றாலம்தான். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் காலண்டரில் பார்ப்பதோடு சரி. அந்தக் குற்றாலத்தில் குடும்ப ஒற்றுமை எப்படி ஓங்குகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாமா?

சாரல் நன்றாக இறங்கியிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரருவிக்குப் போங்கள். அருவிக்கு முதுகைக் காட்டி நின்று கரையைப் பாருங்கள். படிக்கட்டில், சுவரோரத்தில், கடை வாசலில் என்று வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு பை, பக்கத்தில் இரண்டு பை. தோளில் யாருடைய பேண்டோ, கையில் யாருடைய வாட்சோ, முந்தானையில் முடிந்து மூன்று செல்போன்கள். புருஷன், பிள்ளைகள், கொழுந்தன், கொழுந்தனின் சிநேகிதன் எல்லாரும் தண்ணீருக்குள். இவர்கள் தலையில் விழுவது காற்று கொண்டுவந்து போடுகிற திவலை மட்டும்தான்.

விடுதியில் வெளி மாவட்டத்துத் தோழிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (நீர்வீழ்ச்சி என்று சொல்லாதீர்கள். அது ஆங்கிலத்தைத் தமிழில் புரட்டிப் போட்ட சொல். நமக்கு அருவி என்று அழகான பெயர் இருக்கிறது. வீழ்ச்சி என்ன வீழ்ச்சி!) குற்றாலம் தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். வெயிலும் தூறலும் ஒன்றாக இருக்கும். அதற்குப் பெயர்தான் சாரல். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று ஊரைச் சுற்றி அருவிகள். செண்பகாதேவியும் தேனருவியும் மேலே காட்டுக்குள் இருக்கின்றன. பேரருவியில் விழுகிற தண்ணீர்தான் சிற்றாறு. அது ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்துவிடும்.

சிவில் படிக்கிறவள் இதைச் சொல்லாமல் போனால் துறைத் தலைவர் கோபித்துக்கொள்வார். 10 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிற தண்ணீர், கீழே வரும்போது வினாடிக்கு 14 மீட்டர் வேகம் பிடித்திருக்கும். அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். டவுன் பஸ் வந்து மண்டையில் மோதுகிற வேகம்! பேரருவியோ அதைப்போலப் பல மடங்கு உயரம். அப்படியிருக்க, அதன் அடியில் நின்று கைக்குழந்தையைக்கூட நனைத்து எடுக்க முடிகிறதே, எப்படி? மேலேயிருந்து வருகிற தண்ணீர் நேராக நம் தலைக்கு வருவதில்லை. பாறையின் நடுவில் 'பொங்குமாகடல்' என்று ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் செத்து, பொங்கி வழிந்து, பிறகுதான் பாறையைத் தழுவிக்கொண்டு இறங்குகிறது. அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீரின் வேகத்தைக் கொல்ல 'ஸ்டில்லிங் பேசின்' கட்டுவார்கள் என்று ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் படித்தோமே, அதேதான். எந்த கான்ட்ராக்டரும் கட்டாதது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் பேரருவியைத் தூர நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

நான் போன வருஷச் சாரலில் என் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன். பத்தடி தள்ளி நிற்கும்போதே பேச்சு கேட்காது. இன்னும் கிட்டே போனால் மூச்சு முட்டும், கண்ணைத் திறக்க முடியாது, கம்பி எங்கே இருக்கிறது என்று கையால்தான் தேட வேண்டும். முதல் அடி உச்சந்தலையில் விழும்போது 'போதும், ஓடிவிடலாம்' என்றுதான் இருக்கும். ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தால் பிறகு யார் இழுத்தாலும் வர மனசு வராது. தோளை, முதுகை, இடுப்பை யாரோ பத்துப் பேர் சேர்ந்து பிடித்துவிடுவது மாதிரி இருக்கும். எழுபது வயசு ஆச்சி சத்தம் போட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் சேலையின் ஒரு பாதியைக் கட்டியபடியே மறு தலைப்பை என் கையில் கொடுத்துக் காற்றில் விரித்துப் பிடிக்கச் சொன்னாள். மலைக்காற்றில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு உடை மாற்றும் அறை, லாக்கர் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள் என்று யாராவது சொல்ல வருவீர்கள். அவசரப்படாதீர்கள்.

நாங்கள் இரண்டு பேரும் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா எங்கே? சொல்லணுமா!

என் அம்மா பீடி சுற்றுகிறாள். காலையில் தட்டை மடியில் வைத்தால் எண்ணூறு, ஆயிரம் பீடி முடிகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராது. இலையைக் கத்திரிக்கணும், தூளைப் போட்டுச் சுருட்டணும், நூல் கட்டணும். கடையில் கணக்குக் கொடுக்கும்போது சரியில்லாத பீடியைக் கழித்துவிடுவார்கள், அதற்குக் கூலி கிடையாது. ராத்திரி படுக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்ப்பாள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் முதல் செமஸ்டர் ஃபீஸ் அந்தக் கழுத்திலிருந்துதான் வந்தது. குற்றாலத் தண்ணீர் அடித்து வலி போக வேண்டிய கழுத்து எங்கள் வீட்டில் ஒன்று உண்டென்றால் அதுதான். அந்தக் கழுத்து சுவரோரம் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் தம்பி அதற்குள் மூன்று தடவை போய்விட்டு வந்து நாலாவது தடவைக்குத் துண்டு கேட்கிறான்.

"நீயும் வாம்மா" என்றால், "எனக்குத் தண்ணி சேராதுட்டீ. நீங்க போங்க, நான் சாமானப் பாத்துக்கிடுதேன்" என்பாள். தினமும் விடியக்காலம் நாலரை மணிக்குத் தெருக்குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவளுக்கு ஆடி மாசத்து அருவித் தண்ணீர் சேராதாம்! அப்பா உடனே, "அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டம் கிடையாது" என்று முடித்துவிடுவார். இப்படித்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

நான் கேட்டேன். அன்றைக்கு அல்ல, பிறகு ஒரு நாள் இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். பையை யாரிடம் விடுவது? அதில்தான் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறது. நனைந்த பிறகு எங்கே போய் மாற்றுவது? ஆச்சி காலத்தில் கரையில் நின்று சேலை காயவைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது நாலு பக்கமும் செல்போன் தூக்கிப் பிடித்திருக்கிறான்கள், அவன் அருவியைப் படம் எடுக்கிறானா நம்மை எடுக்கிறானா என்று யாருக்குத் தெரியும்? இதுதான் தோழர்களே நான் மேலே அவசரப்படாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம். ஆச்சிக்கு வேண்டாமல் இருந்தது அம்மாவுக்கு வேண்டியிருக்கிறது.

ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு துண்டு போதும், நடுரோட்டில் நின்று ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவார்கள். பெண்கள் உடை மாற்றும் அறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஓர் அருவிக்கரையில் (எந்த அருவி என்று வேண்டாம்) நானும் சித்தியும் போனோம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சித்தி உள்ளே போனால் நான் கதவைப் பிடிக்கணும், நான் போனால் சித்தி. தனியாக வந்த ஒரு பெண், "கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீங்களாக்கா?" என்று எங்களைக் கேட்டாள். ஆணி இல்லை, கொக்கி இல்லை, காய்ந்த சேலையை வைக்க ஒரு பலகை இல்லை. தரை முழுக்கத் தண்ணீர். அந்த அறையைக் கட்டியவர் ஒரு நாளாவது உள்ளே நின்று ஆறு கெஜம் சேலையைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இதை விடுதியில் பேசும்போது ஒரு தோழி நல்ல கேள்வி கேட்டாள். "எல்லாரும் தண்ணிக்குள்ள போயிட்டா, வெள்ளம் வந்தா யாருடீ பாக்குறது?" நியாயமான கேள்விதான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே காட்டில் மழை கொட்டியிருக்கும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. நம்மைவிட ஒரு வயது சின்னவன். அருவிக்கு அடியில் நிற்கிறவனுக்கு எதுவும் காதில் விழாது. தண்ணீர் கலங்கி நிறம் மாறுவதும், சருகும் குச்சியும் வருவதும் கரையில் இருக்கிறவர் கண்ணில்தான் முதலில் படும். அந்தப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் வெள்ளத்தைப் பார்க்கிற வேலையை ஒவ்வொரு வீட்டு அம்மாவின் தலையிலும் கட்டலாமா? அதற்குப் போலீஸ் நிற்கிறது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். மேலே மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து கீழே சைரன் ஒலிக்கச் செய்வது எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்களுக்குக் கஷ்டமான சங்கதியா? சைரனோடு கலர் விளக்கும் வேண்டும், ஏனென்றால் உள்ளே காது வேலை செய்யாது. இவ்வளவும் இருந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் கரையில் இருப்பது நல்லதுதான் என்று தோன்றினால், இருக்கட்டும். அந்த ஒருவர் ஏன் எப்போதும் அம்மாவாகவே இருக்கணும்? அப்பாவுக்கும் கண் தெரியும். தம்பிக்கு எண்ணத் தெரியும்.

இன்னொன்று. நான் இதையெல்லாம் கேட்பதால், 'அப்படியானால் டிக்கெட் போட்டு வசதி செய்துவிடலாம்' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பேரருவியில் நனைய டிக்கெட் கிடையாது. கார் வைத்திருப்பவரும் பீடி சுற்றுகிறவரும் ஒரே தண்ணீரில் ஒரே கம்பியைப் பிடித்து நிற்கிற இடம் அது. தலைக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால் முதலில் நின்றுபோவது என் ஆச்சியின் குளியல்தான். "எனக்குத் தண்ணி சேராது" என்று அவளும் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

வேண்டியது பெரிய கட்டடமும் இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்தால் டோக்கன் கொடுக்கிறார்கள். அறுந்த செருப்புக்குக்கூட அங்கே ஒரு காவல் இருக்கிறது. அதே மாதிரி அருவிக்கரையில் பை வைக்க ஓர் இடம், கையில் கட்டிக்கொள்ள நனையாத டோக்கன். அதை ஒட்டியே தாழ்ப்பாள் உள்ள, கொக்கி உள்ள, தரை காய்ந்த அறைகள். பார்த்துக்கொள்ள உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களை வைக்கலாம், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

இன்ஜினியரிங் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிளான் போட்டு வைத்திருக்கிறேன். பை வைக்கும் அறை நடுவில், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து உடை மாற்றும் அறைகள். ஒவ்வொன்றும் 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர். ஒரு மூலையில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல் பலகை. தண்ணீர் நிற்காமல் வெளியே ஓட 40-க்கு 1 சாய்வு. அந்த அளவு போதுமா என்று தெரிந்துகொள்ள, விடுதி அறையில் சாக்பீஸால் கோடு போட்டு, அம்மா வந்திருந்தபோது உள்ளே நிற்கவைத்துச் சேலை கட்டச் சொன்னேன். "கொசுவம் வைக்கும்போது முழங்கை இடிக்குது, இன்னும் ஒரு சாண் விடு" என்றாள். விட்டிருக்கிறேன். எஸ்டிமேட் போட எனக்கு இன்னும் சரியாக வராது. மூன்றாம் ஆண்டு அண்ணன்கள், அக்காக்கள் யாராவது பிராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தால், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.