புகைப்பீரா என்னும் கேள்வி போதாது

பல் உள்வைப்பை எலும்பு பற்றிக்கொள்ளும் முன்னரே அது ஆட்டங்கண்டு கழன்றுவிடுவதை ஆரம்பநிலைத் தோல்வி என்பர். 1965இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிரானமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். அதன்பின் வந்த ஆய்வுகள் புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, பழைய ஈறுநோய், மென்மையான எலும்பு எனக் காரணங்களை அடுக்கின.

அவ்வாய்வுகள் பெரும்பாலும் எண்ணியது சிகரெட்டை. கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளியிலிருந்து மைசூருக்குச் சிகிச்சைக்கு வரும் ஒருவர் “புகைப்பதில்லை” என்றால் அது பொய்யன்று. ஆனால் அவர் கன்னத்தில் புகையிலை அடக்குபவராக இருக்கலாம். 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்த இந்தியருள் புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலை கொள்வோர் 21.4 விழுக்காடு. நிக்கோடின் எவ்வழி புகுந்தாலும் இரத்த நாளங்களைச் சுருக்கும். அடக்கிய புகையிலையோ ஈற்றோடு ஒட்டியே கிடக்கிறது. இவரைப் ‘புகைக்காதவர்’ பட்டியலில் சேர்க்கும் ஆய்வேடு ஒப்பீட்டையே கெடுத்துவிடுகிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. துளையிடும்போது எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்படையும் என்பதை எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இலேயே முயல்களில் காட்டினர். மழுங்கிய துளைமுனையும் போதாத உப்புநீரும் அவ்வெப்பத்தை உண்டாக்க வல்லவை. எனினும் நோயாளியின் பழக்கத்துக்குப் படிவத்தில் இடமுண்டு. துளைமுனை எத்தனையாவது முறை பயன்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் இல்லை. முதுநிலை ஆய்வேடுகளின் படிவங்களில் இவ்விரண்டு கட்டங்களையும் சேர்க்கத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை.