மகனுக்கு மடிக்கணினியா, வீட்டுக்கு மடிக்கணினியா?

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால், பழங்காநத்தத்தில் மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: “பையன் பிளஸ் ஒன் சேர்றான் பாய், என்ன லேப்டாப் வாங்கலாம்?”

சென்ற ஆண்டு இவ்வாறு கேட்ட சகோதரர் ஒருவர், மகன் விரும்பிய மடிக்கணினியின் படத்தைத் தம் கைப்பேசியில் காட்டினார். விலை 70,000 ரூபாய். கணினி விளையாட்டுகளுக்கென்றே செய்யப்பட்டது. வட்டியில்லாத் தவணையில் எடுத்துவிடலாம் என்று கடையில் சொன்னார்களாம். பத்தாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டோம். “அவளுக்கு என் போன் போதும் பாய்” என்றார். அந்தப் பதில்தான் இதனை எழுதத் தூண்டியது.

முதலில் தேவையைப் பார்ப்போம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் பலரின் வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டு சேர்த்தது. பின்னர் பள்ளிகளில் அது நின்றுபோயிற்று. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 20 லட்சம் கருவிகள் கல்லூரி மாணவர்களுக்கானவை. ஆகவே, பள்ளிப் பிள்ளைக்கு வாங்கும் பொறுப்பு இன்று பெற்றோரின் தோளில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளை கணினியில் என்ன செய்யப் போகிறது? மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் கற்கிறார். இவற்றுக்கான மென்பொருள்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பவை. எளிய கணினியிலும் இயங்குபவை. மற்றப் பிரிவு மாணவர்களுக்குத் தேவை காணொளிப் பாடம், கட்டுரை எழுதுதல், நுழைவுத் தேர்வுப் பயிற்சி ஆகியவையே. இவற்றில் எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை.

எனவே நாம் சொல்வது இதுதான்: 8 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்.எஸ்.டி., நடுத்தரப் பிராசசர், தட்டச்சுக்கு வசதியான விசைப்பலகை. பின்னாளில் ரேமைக் கூட்ட இடமுண்டா, மதுரையிலேயே பழுது நீக்கும் மையம் உண்டா என்பதை விலை பேசுமுன் கேளுங்கள்.

பழைய கணினி வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. கவனம் மட்டும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாயின் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதற்கு அனுமதிப்பதில்லை. அத்தகைய கணினியை வாங்கினால் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். மேற்சொன்ன பாடங்கள் எல்லாம் அதிலும் நடக்கும்.

அடுத்தது தவணை. ‘வட்டியில்லை’ என்ற விளம்பரத்தின் பின்னால் பெரும்பாலும் நடப்பது வேறு. வங்கி வட்டியைக் கணக்கிடுகிறது. அதற்கு ஈடான தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கிறது. அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், சில இடங்களில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதியது. இதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. நம் கருத்து, ஐயமுள்ளதைத் தவிர்ப்பதே. ஆறு மாதம் சேர்த்து வைத்து வாங்கலாம். உறவினரிடம் வட்டியில்லா அழகிய கடன் கேட்கலாம். விலை குறைந்த கருவியைத் தேர்ந்தால் இவ்விரண்டும் எளிதாகும்.

இனி அந்த மகளின் செய்தி. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவ்வாறு கொடுக்கவில்லை என்றறிந்த நபியவர்கள் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. ஜும்ஆ பயானில் இதைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், கடைக்குப் போகும்போது மறந்துவிடுகிறோம். மகனுக்கு 70,000 ரூபாய். மகளுக்குத் தந்தை வீடு திரும்பிய பின் கிடைக்கும் கைப்பேசி, அதுவும் அழைப்பு வராத நேரத்தில். அந்தச் சிறிய திரையில் அவள் நிரல் எழுதிப் பழகுவது எப்படி?

இரண்டு கணினி வாங்க எல்லோராலும் இயலாது. அப்படியானால் ஒன்றையே வாங்குங்கள். ஆனால் அது வீட்டுக்குரியது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூடத்தில் மேசை போட்டு வையுங்கள். மகனுக்கும் மகளுக்கும் நேரம் பிரித்துக் கொடுங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது என்ற கவலைக்கும் கூடத்து மேசையைவிட நல்ல காவல் இல்லை. அந்த மேசையில் தாயும் ஒரு மணி நேரம் அமர்ந்து கற்றுக்கொண்டால் இன்னும் சிறப்பு.

அந்தச் சகோதரர் இறுதியில் எதை வாங்கினார் என்று நாம் கேட்கவில்லை. இவ்வாண்டு கடைக்குச் செல்லும் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விசைப்பலகையை அவளும் தட்டிப் பார்க்கட்டும்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.