அடுத்த மாதத்துக்கு எந்த நாவல்?

மதுரையில் பத்துப் பதினைந்து பேர் கூடும் ஒரு வாசகர் வட்டம். அடுத்த மாதம் விவாதிக்க ஒரு சமகால நாவல் வேண்டும். சாகித்ய அகாதெமி பட்டியலைத் தாண்டி எவர் வாயிலும் பெயர் வரவில்லை.

பரிசு பெற்றதைப் படிப்பது பாவமில்லை. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' விவாதிக்க வேண்டிய நாவல்தான். ஆனால் பரிசு 2011இல்; நாவல் 2008இலேயே வந்துவிட்டது. இடைப்பட்ட மூன்று வருஷம் நம் சொந்த அபிப்பிராயம் எங்கே போயிருந்தது?

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வெளிவந்தது. மனிதர் 1981இல் இதே ஊரில்தான் செத்தார். ஏழு வருஷம். கந்தனின் அந்த ஒரு நாளைப் பற்றி அவரிடமே நேரில் சண்டை போட்டிருக்கலாம். 2010இல் பெங்குவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தாயிற்று. இப்போது தாராளமாகப் புகழ்கிறோம். (செத்தவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்ற சௌகரியம் வேறு.)

சமகால நாவல் என்றால் தீர்ப்பு இன்னும் எழுதப்படாத நாவல். தேர்வு தப்பாகப் போகும், போகட்டும். மட்டமான நாவலோடு ஒரு மாலை மல்லுக்கட்டினால் ரசனை கெட்டுவிடாது. அது ஏன் மட்டம் என்று சொல்லவாவது பழகுவோம்.

"பெண்கள் வருகிற கூட்டம், ரசாபாசமானது வேண்டாம்" என்றார் ஒருவர். வந்திருந்த பெண்களை யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் வெளிவந்து இதுவரை ஒரு மதிப்புரையும் பெறாத நாவல் ஒன்றை அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன்.