இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தட்டினால் திறப்பது யாருடைய பிரவுசர்?

புனேவில் வேலை கிடைத்து வந்திருக்கிறீர்கள். ஹிஞ்சவடியில் ஆபீஸ், வாகடில் வீடு தேடல். சனிக்கிழமை காலை இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் கண்ணில் படுகிறது. புரோக்கரேஜ் கிடையாது, ஒரு பெட்ரூம், பேச்சலர்களுக்கும் ஓகே. கீழே ஒரு லிங்க். தட்டுகிறீர்கள். ஒரு பக்கம் திறந்து பெயர், போன் நம்பர், கம்பெனி, மாதச் சம்பளம் எல்லாம் கேட்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் மளமளவென்று நிரப்புகிறீர்கள். நானும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பக்கம் எந்த பிரவுசரில் திறந்தது?

குரோம் என்றோ சஃபாரி என்றோ சொன்னால், பெரும்பாலும் தப்பு. வழக்கமான செட்டிங்கில் அது இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு குட்டி பிரவுசர். நீங்கள் குரோமில் சேமித்த பாஸ்வேர்டு அங்கே வராது. நீங்கள் போட்டு வைத்த விளம்பரத் தடுப்பானும் அங்கே வேலை செய்யாது. 'இன்-ஆப் பிரவுசர்' என்பார்கள். வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் வெளி பிரவுசரில் திறக்கும் வசதி இருக்கிறது. ஆனால் வீடு தேடும் அவசரத்தில் யார் அதைத் தேடப் போகிறார்கள்?

இந்தக் குட்டி பிரவுசர் எப்படி வந்தது என்று பார்த்தால், அதற்குப் பின்னால் முப்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. பிரவுசருக்குள் சமூக வலைதளத்தைக் கொண்டுவர எத்தனையோ பேர் முயன்றார்கள். அதில் ஒரு முயற்சி நம் ஊரிலும், அதாவது பெங்களூருவிலும் நடந்தது.

ஆசை பழையது

இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோன மொசைக் பிரவுசர் 1993-ல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் மார்க் ஆண்ட்ரீசன். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அதன் மேல் குறிப்பு எழுதி, அதைக் குழுவில் உள்ள மற்றவர்களும் பார்க்கும்படி செய்யும் வசதியை மொசைக்கில் அப்போதே முயன்று பார்த்தார்கள். எல்லோருடைய குறிப்பையும் ஒரு சர்வர் தாங்க வேண்டும் அல்லவா, அன்றைய நிலையில் அது முடியவில்லை. கைவிட்டார்கள்.

ஆண்ட்ரீசனுக்கு அந்த ஆசை போகவில்லை போலிருக்கிறது. 17 வருடம் கழித்து, 2010 நவம்பரில் ராக்மெல்ட் என்றொரு பிரவுசர் வந்தபோது அதற்குப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர். ராக்மெல்ட்டில் நுழைய ஃபேஸ்புக் லாகின் வேண்டும். இடது ஓரத்தில் நண்பர்களின் முகங்கள், வலது ஓரத்தில் நீங்கள் பின்தொடரும் தளங்கள், நடுவில் இணையம். அதற்கு முன்பே 2005-ல் ஃப்ளாக் என்று ஒன்று இதே யோசனையோடு வந்திருந்தது. படம் ஏற்ற, பதிவு எழுத, நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, எல்லாம் பிரவுசரின் ஓரத்திலேயே.

இந்தியாவின் முயற்சியும் 2010-தான். பெங்களூருவின் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் நிறுவனம் அந்த ஜூலையில் 'எபிக்' பிரவுசரை வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 'இந்தியாவின் முதல் பிரவுசர்' என்ற விளம்பரம், இந்திய மொழிகளில் தட்டச்சு, நூற்றுக்கணக்கில் இந்தியத் தீம்கள், உள்ளேயே வைரஸ் ஸ்கேன். இடது ஓரப் பட்டையில் ஃபேஸ்புக், ட்விட்டர், ஆர்குட். ஆமாம், ஆர்குட். அதற்கு 2014-ல் கூகுள் பூட்டுப் போட்டது.

எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான். ஃப்ளாக்கை 2011 ஜனவரியில் கேம் நிறுவனமான ஜிங்கா வாங்கியது, ஏப்ரலில் பிரவுசர் நின்றது. சுமார் 4 கோடி டாலர் முதலீடு திரட்டிய ராக்மெல்ட்டை 2013 ஆகஸ்டில் யாஹூ வாங்கி, அதன் சேவையை மூடியது. ஃபயர்ஃபாக்ஸும் 2012 நவம்பரில் ஃபேஸ்புக் மெசஞ்சரைத் தன் ஓரப் பட்டையில் வைத்துப் பார்த்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக்கே அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

தோற்றது ஏன்?

"மக்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

எபிக் வந்ததற்கு மூன்று மாதம் முன்பு, 2010 ஏப்ரலில், ஃபேஸ்புக் தன் லைக் பட்டனை வெளித்தளங்களுக்கெல்லாம் திறந்துவிட்டது. எந்த இணையதளமும் சில வரிக் கோடு ஒட்டினால் போதும், லைக் பட்டன் வந்துவிடும். நீங்கள் அதை அமுக்கவே வேண்டாம். ஃபேஸ்புக்கில் லாகின் ஆகியிருக்கும் பிரவுசரில் பட்டன் உள்ள பக்கம் திறந்தாலே, இந்த ஆள் இந்தப் பக்கத்துக்கு வந்தார் என்ற தகவல் ஃபேஸ்புக்குக்குப் போகும். நண்பர்களை இணையமெங்கும் கூட்டிக்கொண்டு போக இனி தனி பிரவுசர் எதற்கு?

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தைப் பார்த்துவிடலாம். பிரவுசருக்குத் தொழில்நுட்ப ஆவணங்களில் இன்னொரு பெயர் உண்டு: யூசர் ஏஜென்ட். பயனரின் ஏஜென்ட், அதாவது உங்கள் ஆள். ஒரு தளம் இன்னொரு தளத்தின் பக்கத்தைப் படிக்கக் கூடாது என்பது பிரவுசரின் அடிப்படைக் காவல் விதி. உங்கள் வங்கிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்து டேபில் இருக்கும் ஷாப்பிங் தளத்துக்குத் தெரியாது. ஆனால் பிரவுசருக்குத் தெரியும். எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பது அது ஒன்றுதான்.

அந்தச் சாவிக்காரரிடமே, "நான் என்ன படிக்கிறேன் என்று என் நண்பர்களிடம் சொல்லிவிடு" என்றால் என்ன ஆகும்? புனேவில் வீடு தேடியவர்களுக்கு இது உடனே புரியும். வாடகைக்கு வருபவரிடமும் கமிஷன், வீட்டுக்காரரிடமும் கமிஷன் வாங்குகிற புரோக்கர் யாருடைய ஆள்?

எபிக் நிறுவனத்துக்கு இது சீக்கிரமே உறைத்திருக்க வேண்டும். 2013-ல் அது தன் பிரவுசரை அடியோடு மாற்றிக் குரோமியத்தின் மேல் புதிதாகக் கட்டியது. புதுப் பெயர், எபிக் பிரைவசி பிரவுசர். விற்பனைச் சொல்லே அந்தரங்கம். ஓரப் பட்டையில் நண்பர்களைக் காட்டிய அதே கம்பெனி, மூடியதும் வரலாறு அழிந்துவிடும், டிராக்கர் நுழையாது என்று சொல்லி விற்க ஆரம்பித்தது. ஃபயர்ஃபாக்ஸும் அதே வழியில்தான் போனது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த 2018 மார்ச்சில் அது 'ஃபேஸ்புக் கன்டெய்னர்' என்ற நீட்சியை வெளியிட்டது. ஃபேஸ்புக்கை ஒரு தனிப் பெட்டிக்குள் அடைத்து, மற்ற டேப்களை அது எட்டிப் பார்க்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஐந்தாறு வருடம் முன்பு ஓரப் பட்டையில் உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள்!

முழுத் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. ஓபரா 2017-ல் தன் ஓரப் பட்டையில் வாட்ஸ்அப்பையும் மெசஞ்சரையும் வைத்தது, அது இன்னும் இருக்கிறது. அது வெறும் ஜன்னல். வாட்ஸ்அப் வெப்பை டேபில் திறப்பதற்குப் பதில் ஓரத்தில் திறக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் படிப்பதோடு அது பின்னிக்கொள்வதில்லை.

இந்தியாவில் இந்தக் கலவை பெரிய அளவில் ஓடியது என்றால் அது யூசி பிரவுசரில்தான். அலிபாபா குழுமத்தின் யூசி, 2016-ல் செய்தி ஃபீடை முன்னால் நிறுத்தியது. அந்தக் காலகட்டத்தில் ஸ்டேட்கவுன்டர் கணக்குப்படி இந்திய மொபைல் பிரவுசிங்கில் பாதிக்கு மேல் யூசி வழியாகத்தான் நடந்தது. விலை குறைந்த போன், மெதுவான டேட்டா, சினிமா கிசுகிசு, கிரிக்கெட் ஸ்கோர். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-லேயே அதைச் சோதித்து, நீங்கள் தேடும் சொற்கள் மறையாக்கம் இல்லாமல் வெளியே போகின்றன என்று அறிக்கை கொடுத்திருந்தது. யார் கவலைப்பட்டோம்? கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29-ல் தடை செய்யப்பட்ட 59 ஆப்களில் ஒன்றாகத்தான் யூசி போனது.

மறுபக்கத்திலிருந்து வந்தது

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. நம்மில் பலருடைய இணையம் அதற்குப் பிறகு பிரவுசரில் தொடங்குவதே இல்லை. இன்ஸ்டாகிராமில், ஃபேஸ்புக்கில், யூடியூபில் தொடங்குகிறது. பிரவுசர்கள் சமூக வலைதளத்தை உள்ளே இழுக்கத் தோற்ற அதே வருடங்களில், சமூக வலைதளங்கள் பிரவுசரைத் தங்களுக்குள் இழுத்துக்கொண்டன. சாவி கைமாறியதை நாம் கவனிக்கவில்லை.

ஃபீலிக்ஸ் க்ராஸ் என்ற ஆய்வாளர் 2022 ஆகஸ்டில் இதைப் பிரித்துக் காட்டினார். ஐபோனில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்களுக்குள் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அந்தத் தளத்தின் பக்கத்துக்குள் மெட்டா தன் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் செருகுகிறது என்றார். அப்படிச் செருக முடிகிற ஒருவரால் நீங்கள் எதைத் தட்டுகிறீர்கள், எதை டைப் செய்கிறீர்கள் என்று பார்க்கவும் முடியும். பார்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, இந்த வித்தியாசம் முக்கியம். டிராக்கிங் பற்றிய பயனரின் விருப்பத்தை மதிக்கவே அந்தக் கோடு என்றது மெட்டா.

2025 ஜூனில் வெளிவந்தது இன்னும் நேரடியானது. ஸ்பெயினின் இம்டியா நெட்வொர்க்ஸ், நெதர்லாந்தின் ராட்பவுட், பெல்ஜியத்தின் கே.யு. லூவன் ஆய்வாளர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டு போன்களில் கண்டுபிடித்தது இது. இன்ஸ்டாகிராம் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தனியே குரோமில் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தத் தளத்தில் மெட்டாவின் பிக்ஸல் கோடு இருந்தால், அது போனுக்குள்ளேயே ஒரு ரகசிய வாசல் வழியாக இன்ஸ்டாகிராம் ஆப்புக்கு உங்கள் குக்கியைக் கொடுக்கும். ஆப்புக்கு உங்கள் பெயர் தெரியும், ஆகவே குரோமில் உலாவிய 'யாரோ' நீங்கள்தான் என்று முடிச்சு விழுந்துவிடும். குக்கியை அழித்தாலும் இன்காக்னிடோவில் போனாலும் இந்த வழியை அடைக்க முடியவில்லை. செய்தி வெளியான நாளிலேயே மெட்டா இதை நிறுத்தியது.

ஆக, மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசருக்குப் போனவரும் தப்பவில்லை. பிரவுசரின் காவல் விதி ஒரு தளம் இன்னொரு தளத்தைப் பார்ப்பதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. அதே போனில் உட்கார்ந்திருக்கும் ஆப்பை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது ஓரப் பட்டையில் இருப்பது யார்?

ராக்மெல்ட் முகங்களை வைத்திருந்த அதே ஓரத்தில் இன்று ஏ.ஐ. உட்கார்ந்திருக்கிறது. பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட் 2025 ஜூலையில் வந்தது, ஓப்பன்ஏஐயின் அட்லஸ் அக்டோபரில். அதே ஜூலையில்தான் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவை ஒரு வருடம் இலவசமாகத் தந்தது. உங்கள் போனிலும் ஆஃபர் வந்திருக்கும்.

2025 ஆகஸ்டில் பிரேவ் பிரவுசர் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. பிரேவ் ஒரு போட்டி நிறுவனம், அதையும் மனதில் வைத்தே படியுங்கள். ரெடிட்டில் ஒரு கமென்ட்டுக்குள் சில கட்டளைகளை மறைத்து எழுதுகிறார்கள். காமெட் பயனர் அந்தப் பக்கத்தைத் திறந்து, "சுருக்கிச் சொல்" என்கிறார். ஏ.ஐ. கமென்ட்டைப் படிக்கிறது, அதிலுள்ள கட்டளையைப் பயனரே சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. பயனரின் பெர்ப்ளெக்ஸிட்டி கணக்குக்குப் போய் ஈமெயில் முகவரியை எடுக்கிறது. ஓ.டி.பி. வரவழைக்கிறது. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஜிமெயிலைத் திறந்து அந்த ஓ.டி.பி.யைப் படிக்கிறது. இரண்டையும் ரெடிட்டில் பதில் கமென்ட்டாகப் போட்டுவிடுகிறது.

முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கமென்ட், எல்லாச் சாவியும் வைத்திருப்பவரின் காதில் கட்டளையாக விழுந்திருக்கிறது. சரிசெய்துவிட்டோம் என்றது பெர்ப்ளெக்ஸிட்டி. முழுமையாக இல்லை என்றது பிரேவ்.

நம் பக்கத்தில்

இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் உருவாக்க மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் ஒரு போட்டி அறிவித்தது. புனேவைத் தலைமையகமாகக் கொண்ட, பரம் சூப்பர் கம்ப்யூட்டரால் நமக்குத் தெரிந்த சி-டாக்தான் நடத்தியது. பொறுப்பு மட்டும் அதன் பெங்களூரு மையத்துக்கு. 2025 மார்ச்சில் வந்த முடிவில் முதல் பரிசு, 1 கோடி ரூபாய், சோஹோவுக்கு. சோஹோ 2023-லேயே 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டிருந்தது. பிரவுசருக்கு 'உலாவி' என்று தமிழில் பெயர் வைத்தபோது, ஒரு நாள் அதிலிருந்தே ஒரு பிராண்டு பெயர் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். உங்கள் டேட்டாவை விற்க மாட்டோம், டிராக்கரைத் தடுப்போம் என்பதுதான் உலாவின் வாக்குறுதி.

அதே சோஹோவிடம் 'அரட்டை' ஆப்பும் இருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியில் ஆப் ஸ்டோர் பட்டியலில் முதலிடத்துக்குப் போனதே, அதுதான். பிரவுசரும் ஒரே வீட்டில், மெசஞ்சரும் ஒரே வீட்டில். உலாவின் ஓரப் பட்டையில் அரட்டையை வைக்கச் சொல்லி ஆசைப்படும் பயனர்கள் கட்டாயம் இருப்பார்கள், நானே அதில் ஒருத்தி. ஆனால் ஓபரா மாதிரி வெறும் ஜன்னலாக வைப்பதா, ராக்மெல்ட் மாதிரி பின்னுவதா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கேட்டால் பதில் சொல்லும் கட்டாயம் சட்டப்படி யாருக்காவது உண்டா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது முடிவது 2027 மே மாதம். வாகடில் நீங்கள் எடுக்கப்போகும் வீட்டுக்கு 11 மாத அக்ரிமென்ட்தான்.