அறுபது மீட்டருக்கு ஒரு வக்காலத்து

"அறுபது மீட்டரா? அது ஓட்டமா சார், தும்மல்!" என்றார் காலையில் என்னோடு கடற்கரையில் நடக்க வரும் நண்பர். நயமாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் தப்பு. குறுகிய தூர ஓட்டம் என்றால் நூறு மீட்டர்தான், அறுபது ஒப்புக்குச் சப்பாணி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒலிம்பிக் நிர்வாகிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலும். அறுபது மீட்டரை ஒலிம்பிக்கில் மறுபடி சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

"மறுபடி" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் நடந்தது. போலோஞ் வனத்தில், க்ருவா கத்லான் என்ற இடத்தில், ரேசிங் கிளப்பின் மைதானம். ஓடுவதற்கென்று போட்ட பாதைகூட இல்லை, வெறும் புல்தரை. வட்டு எறிந்தால் மரத்துக்குள் போய் விழும். அந்தப் புல்லில் அமெரிக்கர் ஆல்வின் கிரேன்ஸ்லைன் 7.0 வினாடியில் அறுபதை ஓடி முதலில் வந்தார். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்டும் அந்த அறுபதில் ஓடியவர்தான். இதில் முதல் சுற்றோடு சரி. ஆனால் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாமிடம் பிடித்தார். அந்தப் பதக்கங்கள் இன்றும் இந்தியாவின் கணக்கில் இருக்கின்றன. (பிற்காலத்தில் அவர் ஹாலிவுட் ஊமைப்படங்களில் நடிக்கப் போய்விட்டார். அது தனிக்கதை.)

1904-இல் செயின்ட் லூயியிலும் அறுபது இருந்தது. ஆர்ச்சி ஹான் என்ற ஐந்தரை அடி மனிதர் அறுபது, நூறு, இருநூறு மூன்றையும் வென்றார். 1908 லண்டனில் நூறு இருந்தது, இருநூறு இருந்தது, நானூறு இருந்தது. அறுபதைக் காணோம். அன்று போனது இன்றுவரை திரும்பவில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில், அலீஸ் மிலியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1922-இல் பாரிஸ் பெர்ஷிங் மைதானத்தில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு போட்டி நடத்திக் காட்டினார். அதில் அறுபது மீட்டர் இருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக்காரர்கள் மனமிரங்கிப் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் பந்தயம் கொடுத்தார்கள். அறுபது அதில் சேரவில்லை.

நண்பரின் முதல் வாதம்: "நூறுதான் இயற்கையான தூரம்." எந்த இயற்கை? பழைய கிரேக்கர்கள் ஒலிம்பியாவில் ஓடியது ஏறக்குறைய 192 மீட்டர். அவர்கள் மைதானத்தின் நீளம் அவ்வளவு. ஆங்கிலேயர் ஓடியது நூறு கஜம், அதாவது 91 மீட்டர் 44 சென்டிமீட்டர். நூறு மீட்டர் என்பது பிரெஞ்சுப் புரட்சி கொடுத்த மீட்டர் அளவில் ஒரு முழு எண், அவ்வளவுதான். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் எங்களை 'ஸ்வஸாந்த் மெத்ர்' ஓட விடுவார்கள். மைதானம் நேராகக் கிடந்தது அவ்வளவு தூரம்தான். அதற்கு மேல் ஓடினால் மதில். கிரேக்கர்கள் கணக்கும் இதே கணக்குதானே?

இரண்டாவது வாதம்: "அறுபதில் புறப்பாடு பிந்தினால் தொலைந்தது. அதில் திறமை எங்கே?" இது கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் புறப்பாடு நூறிலும் ஆளை விழுங்கும். 2011-இல் தேகு உலகப் போட்டி நூறு மீட்டர் இறுதியில் வெடிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பி வெளியேறியவர் யார்? சாட்சாத் உசேன் போல்ட். அதற்காக நூறு மீட்டரை யாரும் தும்மல் என்று சொல்லவில்லை.

போல்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2009-இல் பெர்லினில் அவர் 9.58 வினாடியில் ஓடினாரே, அதைப் பிரித்துப் பாருங்கள். முதல் அறுபது மீட்டருக்கு 6.31 வினாடி. அடுத்த இருபதுக்கு 1.61. கடைசி இருபதுக்கு 1.66. அவருக்கே கடைசியில் வேகம் குறைகிறது. அப்படியானால் நூறு மீட்டர் என்பது இரண்டு பரீட்சை சேர்ந்த ஒன்று. நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்கு ஏறுவது ஒன்று. ஏறிய வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதில் ஆறரை அடி உயரக் கால்களுக்கு அனுகூலம். முதலாவதில் குட்டையானவன் யாருக்கும் இளைத்தவன் அல்ல.

2021-இல் டோக்கியோவில் அரையிறுதியில் சீனாவின் சு பிங்தியான் நூறை 9.83 வினாடியில் ஓடினார். உயரம் 172 சென்டிமீட்டர், வயது முப்பதைத் தாண்டியாயிற்று. அவர் அறுபதைக் கடந்த நேரம் 6.29 வினாடி. பெர்லின் போல்டைவிட இரண்டு நூறில் ஒரு பங்கு வினாடி முந்தி! அங்கே ஒரு கோடு கிழித்திருந்தால் அந்த ஆசியர் கதை வேறு. கோடு இன்னும் நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. இறுதிப் பந்தயத்தில் 9.98 ஓடி ஆறாமிடம். நடுவழி நேரம் சாதனைப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அறுபதின் உலக சாதனை 2018-இல் கிறிஸ்டியன் கோல்மன் கூரைக்கடியில் ஓடிய 6.34.

நெல்லி கோமன் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? சுரினாமில் பிறந்து நெதர்லாந்துக்கு ஓடியவர். உயரம் ஐந்தேகால் அடிகூட இல்லை. 1986-இல் மாட்ரிட்டில் அறுபதை 7.00 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார். 1987, 1989 இரண்டு முறையும் உலக உள்ளரங்கப் போட்டியில் தங்கம். ஒலிம்பிக் பதக்கம்? ஒன்றுகூட இல்லை. அவர் வித்தைக்கு அங்கே கடையே திறக்கவில்லை, எதை விற்பார்?

"அது கூரைக்கடியில் ஓடும் குளிர்காலப் பந்தயம்" என்று இன்னொரு சாக்கு. குளிர்நாட்டுக்காரர்கள் மண்டபத்துக்குள் நூறு மீட்டருக்கு இடமில்லாமல் அறுபதை வைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் பாரிஸ் புல்தரைக்கு எந்தக் கூரை இருந்தது?

இடமில்லை, நேரமில்லை என்றும் சொல்ல வேண்டாம். 2024 பாரிஸில் ஆணும் பெண்ணும் மாறி மாறி நடக்கும் தொடர் நடை புதிதாக வந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண் பெண் கலந்து ஓடும் நான்கு நூறு தொடர் ஓட்டம் வருகிறது. அறுபதுக்குப் புதிய பாதை வேண்டாம், புதிய கருவி வேண்டாம். இருக்கிற நேர்ப்பாதையில் நாற்பது மீட்டர் முன்னால் ஒரு கோடு, அதற்கு நேரே ஒரு கேமரா. ஓட்டமோ ஏழு வினாடி. நண்பர் பாஷையில் சொன்னால் ஒரு தும்மல் நேரம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அதற்கு இடம் கொடுக்க மாட்டார்களாமா?