கத்திரி வெயிலில் எதற்கு ஓவர்கிளாக்?

பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். யூடியூபில் அதற்குப் பாடம் எடுப்பவர்களில் பலர் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். திருச்சி அரியமங்கலத்தில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை 38 டிகிரியில் இருந்தாலே புண்ணியம். இடையில் இருக்கும் இந்தப் 16, 17 டிகிரிதான் அந்தப் பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

பிராசசர் மேல் மாட்டும் கூலர் சூட்டை விழுங்கிவிடுவதில்லை. அறைக் காற்றுக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். முழு வேலையில் ஒரு பிராசசர் அறையைவிட 60 டிகிரி கூடுதலாகச் சுடும் என்று வையுங்கள். அங்கே 81, இங்கே 98. இன்டெலின் கோர் ஐ9-14900கே 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு எல்லை 95. ஆக, பயாஸில் மெனக்கெட்டு ஏற்றிய வேகம் கோடை மதியத்தில் வந்த வழியே போய்விடுகிறது. தண்ணீர்க் கூலர் வாங்கினால் சூடு குறையும்தான். ஆனால் அதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது.

புதியவர்கள் சறுக்குவது வோல்டேஜில். மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடியதை 4.8க்கு ஏற்ற 1.35 வோல்ட் கொடுத்தால், வேகம் 7 சதவீதம்கூடக் கூடவில்லை, மின்செலவு மட்டும் ஏறக்குறைய 35 சதவீதம் கூடுகிறது. அந்த 35 சதவீதமும் சூடுதான். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டுபவர்களுக்குப் பல மதர்போர்டுகள் தேவைக்கு மேலேயே ஊட்டிவிடும்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் அர்த்தம் இருந்தது. 1998இல் வந்த செலரான் 300ஏ-யை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியே பலர் 450இல் ஓட்டினார்கள். காசில்லாமல் 50 சதவீத லாபம்! இன்று அந்த லாபத்தைத் தயாரிப்பாளரே டர்போ என்ற பெயரில் கறந்துவிடுகிறார். 14900கே பெட்டியிலிருந்து எடுத்த கோலத்திலேயே 253 வாட் வரை இழுக்கும். மின்விசிறி மட்டுமே இருக்கும் பத்துக்குப் பத்து அறையில் அது ஒரு சின்ன ஹீட்டர்.

அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கு 2024இல் இன்டெலே சாட்சி சொன்னது. அதன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, விளையாட்டின் நடுவே முடங்கின. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்ட மைக்ரோகோடும், அதனோடு சேர்ந்த சூடும் உள் சுற்றுகளை முன்கூட்டியே மூப்படையச் செய்தன என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீண்டது. ஆனால் ஏற்கெனவே கெட்ட சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. நிறுவனம் கொடுத்த அமைப்பிலேயே இந்தக் கதி. ஓவர்கிளாக் செய்து கெடுத்துக்கொண்டால் உத்தரவாதமும் கைவிட்டுப் போகலாம்.

அரியமங்கலத்துக்கென்று இன்னொரு தொல்லை உண்டு: தூசி. ஒருபுறம் தஞ்சாவூர் சாலையின் லாரிப் புழுதி. மறுபுறம், கோடை தோறும் தீப்பிடித்துப் புகைந்து பேர் வாங்கிய, சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கு. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு மணி நேரத்துக்குப் பலிக்கும்; மாதக் கடைசியில் ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. ஏர் கூலரை நேராகத் திருப்புவது அதைவிட மோசம், ஈரமும் தூசியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் இருந்து கேபினட்டை வெளியே எடுக்க வேண்டும். முன்பக்கக் காற்றாடி உள்ளே இழுக்கிறதா, பின்பக்கக் காற்றாடி வெளியே தள்ளுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். கூலரைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு போதும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து, தெர்மல் பேஸ்ட்டைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் கை துறுதுறுத்தால், வோல்டேஜை ஏற்றாமல் இறக்கிப் பார்ப்பதே திருச்சிக்காரருக்குப் பொருத்தம். ரைசனில் இதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் இருக்கிறது; மின்செலவுக்கு வரம்பு வைக்க ஈகோ மோடும் உண்டு. வோல்டேஜைச் சிறுகச் சிறுகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி, சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கவனித்தால் போதும். சூட்டால் திணறிக்கொண்டிருந்த பிராசசர் வோல்டேஜ் குறைந்ததும் முன்பைவிட வேகமாக ஓடுவதும் உண்டு.

இல்லை, வேகத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் சோதனையை மார்கழி இரவில் முடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடக் கூடாது. பல மதர்போர்டுகளின் பயாஸில் ஒன்றுக்கு மேற்பட்ட புரொஃபைல்களைச் சேமிக்கலாம். மழைக்காலத்துக்கு ஒன்று, மே மாத மதியத்தில் சோதித்துத் தேறிய, வோல்டேஜ் குறைந்த புரொஃபைல் மற்றொன்று. மார்ச் பிறந்ததும் இரண்டாவதுக்கு மாறிவிடலாம்.