கரி மையும் கலர் மையும்

தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களில், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனின் உருவமும் அதை ஒட்டி வட்டெழுத்தில் பொறித்த சாசனமும் படம் பிடிப்பவனுக்குப் பெரிய சோதனை. கல்லுக்கும் எழுத்துக்கும் நிறத்தில் பேதமே இல்லை, உள்ள பேதமெல்லாம் நிழலில்தான். ஆகவே அப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதே உசிதம். எந்த மையில் என்பதுதான் விவாதம்.

சாதாரண இங்க்ஜெட் இயந்திரம் சாம்பல் நிறத்தைக் காட்டுவதற்காகக் கறுப்போடு சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் நுண்துளிகளாகத் தெளிக்கிறது. அன்றைக்குப் பார்க்க நேர்த்திதான். ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு சாயலும் குழல்விளக்கின் கீழ் வேறொரு சாயலும் காட்டுகிற அப்பிரதி, நாளடைவில் ஒவ்வொரு வர்ணமும் தன் தன் வேகத்தில் வெளிற, சாம்பல் நிறத்தையே இழந்துவிடுகிறது. கரியோ வெளிச்சத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, கரி மை தோய்ந்த பொதியால் ஒற்றியெடுக்கும் மைப்படியில், தாள் பழுத்தாலும் எழுத்து மங்காதிருப்பதன் காரணம் அதுவே.

கரியிலும் ஒரு குறை உண்டு. பொடித்துகளாக்கி, நீர்க்கச் செய்து தெளித்தால் பழுப்பேறித் தெரியும். அமெரிக்காவில் ஜான் கோன், கார்ட்ரிட்ஜ்களில் வர்ணங்களுக்குப் பதிலாகக் கறுப்பின் பல அடர்த்திகளையே நிரப்பும் முறையைப் பிரபலமாக்கினார். பால் ரோர்க் போன்றோர் கரியோடு சிறிது நீல நிறமியைக் கூட்டிப் பழுப்பைத் தணித்தார்கள். கரியின் பழுப்பே மஞ்சளின் காரியத்தைச் செய்துவிடுவதால், சீக்கிரம் வெளிறும் சுபாவமுள்ள மஞ்சளை அறவே விலக்கலாம் என்பது இதிலுள்ள சூட்சுமம்.

கண்காட்சிச் சுவருக்கு அந்த நீலம் இருக்கட்டும். ஆவணப் பிரதிக்கு அதுவும் வேண்டாம், பழுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம். கல்யாண ஆல்பம் பளபளப்பதை யார் தடுத்தார்கள்? கரி மை அடியில் தங்கும், குலுக்காமல் ஊற்றினால் இயந்திரத்தின் அச்சு ஹெட் அடைத்துக்கொள்ளும் என்று மை நிரப்பும் கடைக்காரர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வாரம் ஒருமுறை சோதனைத் தாள் ஓட்டிச் சமாளிக்கக்கூடிய சிரமந்தான். நடுகற்களைப் படமெடுத்துச் சேமிக்கும் தொல்லியல் துறையினரும் கல்லூரிகளும் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு: ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் கரி எத்தனை பங்கு, வர்ணம் எத்தனை பங்கு, எந்தத் தாள், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிவைப்பது.